செங்கமலம் வீட்டு டம் டம் சத்தம்

இது நான் கண்ணால பாத்தது இல்ல குட்டி. பக்கத்து வீட்டு மரகதக்கா சொல்லித்தான் அத்தைக்குத் தெரியும். சரியா? "ம்".

ஒரு ஊர்ல ஒரு பழைய மாடி வீடு. மாடியில செங்கமலம்னு ஒரு அம்மா வாடகைக்கு இருந்தா. இட்லி மாவு அரைச்சு விக்கிறதுதான் அவ பிழைப்பு. கீழே வீட்டுக்காரர் வேதமூர்த்தி. தினம் காலையில சுவரெல்லாம் டம் டம் டம்னு அதிரும். "உன் கிரைண்டர் என் சுவரை உடைக்குது, மாசக் கடைசியில காலி பண்ணு"ன்னுட்டார். விசாரிக்கக்கூட இல்ல. சொல்லும்போதே எனக்குக் கோவம் வருது.

அப்புறம் அவ கிரைண்டருக்கு அடியில சாக்கை மடிச்சுப் போட்டா. டம் டம். அப்புறம் அதைக் கடைசி ரூமுக்கு இழுத்துட்டுப் போனா. டம் டம். மூணாவது நாள் அரைக்கவே இல்ல. மாவு கேட்டு வந்தவங்க திரும்பிப் போனாங்க. அப்பவும்? "டம்". ஆமா. அதுக்கு அவர், ஒளிச்சு வச்சு அரைக்கிறியான்னு படியில நின்னு கேட்டாராம், தெருவே கேக்கற மாதிரி.

அப்போ அவளுக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சுவர்ல காதை வச்சுக்கிட்டே கீழே இறங்கி, கொல்லைப்பக்கம் போனா. அங்க மாடிக்கு ஏறுற தண்ணி பைப்பு கிடுகிடுன்னு ஆடுது. பிடிச்சு நிறுத்துற கிளாம்பு ஒண்ணுகூட இல்ல. பொங்கலுக்கு வெள்ளையடிக்கக் கழட்டினவங்க திருப்பி மாட்டவே இல்ல. சுண்ணாம்பு வாளியிலயே கிடக்குது.

அவரைக் கூப்பிட்டு நிக்க வச்சா. அவரோட பாத்ரூம் குழாயைத் திறந்து, படக்குன்னு மூடினா. ஓடுற தண்ணி முட்டி, பிடிப்பு இல்லாத பைப்பு சுவர்ல போய் இடிச்சுது. டம் டம் டம். திரும்பத் திறந்து மெதுவா மூடினா. சத்தமே இல்ல.

"இப்போ யாருங்க அரைக்கிறது?"ன்னு கேட்டா.

அவளே சைக்கிள் டியூபை வெட்டி பைப்புல சுத்தி, கிளாம்பை வச்சு ஸ்க்ரூ முடுக்கினா. கர்ர் கர்ர். சத்தம் நின்னுச்சு, காலி பண்ணுங்கிற பேச்சும் நின்னுச்சு. தூங்கிட்டியா? "...ம்".

வேதமூர்த்தி கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார்னு மரகதக்கா முடிச்சாங்க. எனக்கு மனசு கேக்கல. போய் செங்கமலத்துக்கிட்டயே கேட்டேன். "மன்னிப்பா? குழாயை மெதுவா மூடுறாரு, அவ்ளோதான்"னா.

கதை இவ்வளவுதான். கண்ணை மூடிக்கோ.