வடகம் காத்த ராஜா

கேட்டபோதெல்லாம் மழை பெய்துகொண்டிருந்த காலம் அது. அப்போது பூவரசங்காடு என்று ஒரு ராஜ்ஜியம் இருந்தது. ராஜ்ஜியம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். கிழக்கு எல்லையில் சேவல் கூவினால் மேற்கு எல்லையில் இருப்பவன் எழுந்து பல் விளக்குவான், அவ்வளவுதான். அதை ஆண்டவர் தென்னவராயர். ராணி பெயர் உலகம்மை. அவர்களுக்குக் கோமளை என்று ஒரே மகள்.

ராஜாவிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. தினமும் விடிகிற நேரத்தில் எழுந்து, படுக்கையறையில் கிழக்கு ஜன்னலோரம் ஒரு கோரைப்பாயை விரிப்பார். பன்னிரண்டு ஆசனம் போடுவார். குனிந்து காலைத் தொடுவார், பாம்புபோல நெஞ்சைத் தூக்குவார், கடைசியில் மல்லாந்து படுத்து மூச்சை மெல்ல இழுத்து விடுவார். கோமளை சின்னப் பிள்ளையாக இருந்தபோது அவர் குனிந்தால் முதுகில் ஏறிக்கொள்வாள். அவர் படுத்தால் வயிற்றில் தலைவைத்துப் படுத்துக்கொள்வாள். அவர் மூச்சுக்கு அவள் தலை ஏறி இறங்கும். அதற்கு ஒரு சிரிப்பு சிரிப்பாள் பாருங்கள், அடுக்களை வரைக்கும் கேட்கும். பன்னிரண்டு வருஷம் ஒருநாள் தவறாமல் இப்படி நடந்தது.

பிறகு ஒரு ஐப்பசியில் ராஜாவுக்கு ஜலதோஷம் பிடித்தது. பத்து நாள் பாய் சுருட்டியபடியே மூலையில் நின்றது. பதினோராம் நாள் ஜலதோஷம் போய்விட்டது. நாளைக்குப் பார்க்கலாம் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். அதற்கு மறுநாளும் நாளைக்கு என்றார். உங்களுக்கும் எனக்கும் தெரியாத கதையா இது?

கொஞ்ச நாளில் அந்தப் பாயைப் பார்க்கவே அவருக்கு வெட்கமாகிவிட்டது. பேச்சுவார்த்தை விட்டுப்போன சொந்தக்காரரைத் தெருவில் கண்டவர்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். கடைசியில் ஒரு வேலைக்காரனைக் கூப்பிட்டு, இதை என் கண்ணில் படாத இடத்தில் வை என்று சொல்லிவிட்டார்.

மூன்று வருஷம் போனது. இடுப்பு பிடித்துக்கொண்டது. முழங்கால் மடங்க மாட்டேன் என்றது. செருப்பு மாட்டிவிட ஒரு ஆள் வேண்டியிருந்தது. தரையில் உட்காருவதையே ராஜா விட்டுவிட்டார். சிரித்துப் பேசுகிற மனுஷன், குழம்பில் ஒரு கல் உப்பு கூடினாலும் எரிந்து விழுந்தார்.

இப்படி இருக்கும்போதுதான் கோமளைக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தத்துக்குச் சரியாக ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாள் இருந்தது.

அந்தச் சீமையில் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணின் அப்பா மணையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். அவர் மடியில் பெண் உட்கார வேண்டும். அப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளை தாலி கட்டுவார். அப்பாவுக்கு முடியாது என்றால் தாய்மாமன் உட்காரலாம்.

ராஜா கதவைச் சாத்திக்கொண்டு மணையில் உட்கார்ந்து பார்த்தார். பாதி உட்கார்ந்ததுமே முழங்கால் கத்தியது. எழுந்திருக்க முடியவில்லை. நாலு பேர் வந்து, தேர்ச் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கிறமாதிரி கைகொடுத்துத் தூக்கினார்கள். ராணியின் தம்பி மழவராயர் வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அத்தான் கவலையே பட வேண்டாம், கோமளையை என் மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று மீசையைத் தடவினார். பாவம், நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் ராஜாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பெற்று வளர்த்த பெண்ணை அந்த ஒரு நாழிகைக்கு இன்னொருவர் மடியில் கொடுப்பதா?

விட்ட பழக்கத்தை மறுபடி பிடித்தே தீருவது என்று முடிவு செய்தார். ராஜா அல்லவா, ராஜா மாதிரிதான் ஆரம்பித்தார்.

முதலில் ஜோசியரைக் கூப்பிட்டு நல்ல நாள் கேட்டார். திங்கட்கிழமை திதி சரியில்லை. வியாழன் நட்சத்திரம் சரியில்லை. சனிக்கிழமை எல்லாம் சரி, வாசலில் பூனை குறுக்கே போனது. ஒன்பது நாள் போயிற்று.

இரண்டாவதாக, தோட்டத்தில் ஆசனம் போட ஒரு மண்டபம் கட்டச் சொன்னார். பளிங்குத் தரை, பட்டு விரிப்பு, நாலு மூலையிலும் சந்தன தூபம். கட்டி முடிக்கப் பத்து நாள் ஆயிற்று. முதல்நாளே பழையபடி பன்னிரண்டையும் போட்டே தீருவேன் என்று இறங்கினார். மூன்றாவதிலேயே இடுப்பில் சுளுக்கு. வைத்தியர் வந்து எண்ணெய் தேய்க்க, மூன்று நாள் குப்புறக் கிடந்தார்.

மூன்றாவதாகச் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்காகச் சண்டை போட ஆள் இருக்கிறது, எனக்காகப் பூஜை செய்ய ஆள் இருக்கிறது, ஆசனம் போட ஒரு ஆள் வைத்தால் என்ன என்று யோசித்தார். ஒரு மல்லனை நியமித்தார். மல்லன் போடப் போட, ராஜா நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். ஐந்து நாளில் மல்லனுக்கு உடம்பு நாணல்போல வளைந்தது. ராஜாவுக்குக் கழுத்து வலிதான் மிச்சம்.

இருபத்தேழு நாள் இப்படியே தீர்ந்தது. ராஜாவுக்கு மனசு விட்டுப்போயிற்று. கோமளையைக் கூப்பிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"மாமா மடியிலேயே உட்கார்ந்துக்கோம்மா. என்னால முடியும்னு எனக்குத் தோணலை."

கோமளைக்குக் கண் கலங்கியது. ஆனால் அழவில்லை, புத்திமதியும் சொல்லவில்லை. கெட்டிக்காரப் பெண்.  சரிப்பா, அது இருக்கட்டும், நாளைக்குக் காலையில் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும் என்றாள். கல்யாணத்துக்காக மாடியில் வடகம் பிழிந்து காயப்போடுகிறார்கள், வேலைக்காரர்கள் எல்லாரும் பந்தல் வேலையில் இருக்கிறார்கள், காக்காய் வந்து கொத்திவிட்டுப் போகிறது, கொஞ்ச நேரம் மாடியில் இருந்து விரட்டினால் போதும் என்றாள். ராஜாவைக் காக்காய் விரட்டச் சொல்கிற பெண்ணை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? அவரும் இருந்த சோர்வில் சரி என்றுவிட்டார்.

மறுநாள் காலை, வெயில் ஏறுமுன் மாடிக்குப் போனார். உட்கார நாற்காலி இல்லை. வடகம் காய்ந்த பாய் ஒன்றுதான் கிடந்தது. அதிலும் சுவரோரம் ஒரு முழ இடம் காலியாக விடப்பட்டிருந்தது. ராஜா அந்தப் பாயைப் பார்த்தார். ஓரத்தில் சிவப்புக் கரை, ஒரு மூலையில் கோமளை சின்ன வயதில் கடித்த பல்தடம். அவருடைய பாயேதான்.

சுற்றிலும் யாரும் இல்லை. சுவரைப் பிடித்து, மெதுவாக, முனகிக்கொண்டே உட்கார்ந்தார். கால் மடங்கவில்லை, நீட்டிக்கொண்டார். காக்காய் வந்தது. கையை வீசி விரட்டினார். அந்தக் கோடியில் ஒரு வடகம் திரும்பாமல் இருந்தது. கையை நீட்டினார், எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார். எட்டிவிட்டது. முதுகில் ஏதோ ஒன்று இளகினமாதிரி இருந்தது. அவரை அறியாமல் ஒரு நீண்ட மூச்சு வந்தது. பன்னிரண்டு வருஷம் விட்ட அதே மூச்சு.

இரண்டாம் நாள் கூப்பிடாமலே போனார். கோடியில் இருந்த வடகத்தை எல்லாம் திருப்பிப் போட்டார். மூன்றாம் நாள் போனபோது வடகம் காய்ந்துவிட்டதால் அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். பாய் மட்டும் வெறுமனே கிடந்தது. காப்பதற்கு ஒன்றும் இல்லை. ராஜா திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. உட்கார்ந்தார். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் சொல்லவும் இல்லை. தனக்கே ஒரு கணக்கும் வைத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் ஒரு ஆசனம், ஒருநாள் இரண்டு. ஒருநாள் ஒன்றுமே இல்லை, பாயில் படுத்து வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். ஆனால் போகாத நாள் மட்டும் இல்லை. சபைக்கு வரும்போது சில சமயம் அவர் முதுகிலோ நெற்றியிலோ பாயில் உதிர்ந்த வடகச் சீரகம் ஒன்று ஒட்டியிருக்கும். மந்திரிகள் பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார்கள்.

முகூர்த்த நாள் வந்தது. மழவராயர் புது வேட்டி கட்டி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு தயாராக நின்றார். ராஜா அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு மணைக்குப் போனார். உட்கார்ந்தார். முதலில் வலதுகால் மடங்கியது. இடதுகால் கொஞ்சம் யோசித்துவிட்டு மடங்கியது. கோமளை வந்து மடியில் உட்கார்ந்தாள்.

அன்றைக்குப் பார்த்துத் தாலியைத் தட்டில் வைத்துச் சபை முழுக்க ஆசி வாங்கப் போன புரோகிதர், ஆளுக்கு ஆள் நின்று குசலம் விசாரித்தார். அரை நாழிகையில் முடிய வேண்டியது ஒரு நாழிகைக்கு மேல் ஆயிற்று. ராணி ராஜாவின் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோமளை மெல்லத் திரும்பி, வலிக்கிறதா அப்பா என்று கேட்டாள்.

"வலிக்குதும்மா. இருந்துட்டுப் போகட்டும், நீ எழுந்திருக்காதே."

கண்ணில் நீர் வழிய, முதுகு வளையாமல் உட்கார்ந்திருந்தார். தாலி ஏறியது. மழவராயர்தான் முதலில் அழுதார்.

மறுநாள் விடியும்போது கோமளை புருஷன் வீட்டுக்குக் கிளம்பினாள். விடைபெற அப்பாவின் அறைக்கு வந்தாள். கல்யாணம் முடிந்துவிட்டது, மணையைத் தூக்கி உள்ளே வைத்தாயிற்று, இனி அவர் யாருக்காகவும் சம்மணம் போட வேண்டியதில்லை. ஆனால் கிழக்கு ஜன்னலோரம் அந்தப் பழைய பாய் விரிந்திருந்தது. ராஜா அதில் மல்லாந்து படுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கோமளை பட்டுப்புடவையோடு அப்படியே தரையில் உட்கார்ந்து, அவர் வயிற்றில் தலையை வைத்துக்கொண்டாள். தலை ஏறி இறங்கியது. வாசலில் பல்லக்கு கொஞ்ச நேரம் காத்திருந்தது.

ஆகையால் பிள்ளைகளே, பெரியவர்களே, விட்டுப்போன நல்ல பழக்கத்தை மறுபடி பிடிக்க நல்ல நாளும் வேண்டாம், பெரிய மண்டபமும் வேண்டாம், வெட்கப்படாமல் பழைய பாயின் ஓரத்தில் போய் உட்கார்ந்தாலே போதும்.