இரண்டு கார்டும் ஒன்றே

ஷமீமாவின் சீடர்களில் வயதில் மூத்தவர் மாத்ருபூதம். குருவைவிடவே பதினெட்டு வயது மூத்தவர். பேங்க் வேலையை விட்டுவிட்டு, கம்ப்யூட்டர் பாகங்களைச் சோதித்து முடிவு எழுதும் வித்தையைக் கற்க வந்திருந்தார். வீட்டில் சும்மா உட்கார்ந்து மனைவியின் சாம்பாருக்குக் குறை சொல்வதைவிட இது உத்தமம் என்று வீட்டிலும் அனுப்பிவைத்துவிட்டார்கள்.

திருச்சி தில்லை நகரில், ஒரு பல் டாக்டருக்கு மேல் மாடியில் இருந்தது ஷமீமாவின் சோதனைக்கூடம். அங்கிருந்து போகும் தாளை நம்பித்தான் பள்ளிக்கூடங்களும் ஸ்டூடியோக்களும் கம்ப்யூட்டர் வாங்கின. சீடர்கள் சோதிப்பார்கள், எழுதுவார்கள். அடியில் விழும் கையெழுத்து மட்டும் எப்போதும் ஷமீமாவுடையது.

அந்தக் கையெழுத்துக்காக மாத்ருபூதம் இரண்டு வருஷமாகக் காத்திருந்தார். காத்திருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஏங்கினார்.

ஒரு திங்கட்கிழமை ஷமீமா, திரையில் ஓடும் படத்தை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டை அவர் மேஜையில் வைத்தார்.

"சிஸ்டர் பெர்னதெத்தோட ஸ்கூல்ல அனிமேஷன் வகுப்பு ஆரம்பிக்கிறாங்க. இந்த ரெண்டுல எது நல்லதுன்னு கேக்கிறாங்க. எதை வாங்கினாலும் அஞ்சாறு வருஷத்துக்குப் பிள்ளைங்க அதோடதான் மல்லுக்கட்டணும். வெள்ளிக்கிழமை வர்றாங்க."

"பார்த்துடறேன் மேடம்."

"சரியா வந்துதுன்னா கையெழுத்தையும் நீங்களே போடுங்க சார்."

அன்று மதியம் மாத்ருபூதம் சாப்பாட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டிகளைப் பிரித்தார்.

ஒரு கார்டு சிறியது. இரண்டு விசிறி, எட்டு ஜி.பி. நினைவகம். இன்னொன்று செங்கல் தடிமன். மூன்று விசிறி, பன்னிரண்டு ஜி.பி., கரண்டையும் இரண்டு மடங்கு குடிக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருந்தது. பெட்டியில் என்ன வேண்டுமானாலும் போடுவான், நாமல்லவா பார்த்துச் சொல்ல வேண்டும் என்று மாத்ருபூதம் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

வெக்கை தாங்காமல் மேஜையை மின்விசிறிக்கு அடியில் நகர்த்தினார். திரையிலிருந்து வரும் ஒயர் நீளம் போதவில்லை. கம்ப்யூட்டர் முதுகில் எது எட்டியதோ அந்த ஓட்டையில் சொருகினார். திரையில் படம் வந்தது. அப்புறம் என்ன?

சிறிய கார்டைப் பொருத்தி ஓர் அனிமேஷன் காட்சியை ஓட்டினார். நொடிக்கு இருபத்திரண்டு ஃபிரேம். பெரிய கார்டைப் பொருத்தி அதே காட்சியை ஓட்டினார். இருபத்திரண்டு. மாற்றி மாற்றிப் பொருத்தினார். காட்சியை மாற்றினார். எதை ஓட்டினாலும் இரண்டும் அச்சு அசலாக ஒரே எண்ணைத்தான் காட்டின.

முதலில் குழம்பினார். பிறகு சிரித்தார். புதன்கிழமை சாயங்காலம் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருஷமாக மார்கழி தவறாமல் வேதாந்தப் பிரசங்கம் கேட்ட மனுஷர். ஒரு பிரசங்கத்திலும் பிடிபடாதது கிராபிக்ஸ் கார்டில் பிடிபட்டால் கண் கலங்காமல் என்ன செய்யும்?

வெள்ளிக்கிழமை காலை ஷமீமாவின் முன்னால் நின்று தாளை வாசித்தார்.

"பெயர் வேறு, வடிவம் வேறு. விசிறி இரண்டானால் என்ன, மூன்றானால் என்ன? உள்ளே ஓடுவது ஒன்றுதான். பேதம் என்பது பெட்டியில் அச்சடித்தது. முடிவு: இரண்டு கார்டும் ஒன்றே."

ஷமீமா டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"சத்தம் எப்படி இருந்துச்சு சார்?"

"சத்தமே இல்லை மேடம். எவ்வளவு வேலை கொடுத்தாலும் விசிறி சுத்தவே இல்லை. சூடும் ஏறலை. ரெண்டும் பற்றற்ற ஞானி மாதிரி இருக்கு. அதையும் எழுதியிருக்கேன்."

"விசிறி சுத்தவே இல்லையா?"

"ஒரு சுத்துகூட இல்லை."

ஷமீமா டீயைக் கீழே வைத்தார்.

"மூணாவதா ஒண்ணையும் பார்த்துடலாமா?"

"மூணாவது கார்டு வந்திருக்கா?"

ஷமீமா கம்ப்யூட்டரை அணைத்தார். உள்ளே இருந்த பெரிய கார்டைக் கழற்றி மாத்ருபூதத்தின் கையில் கொடுத்தார். அந்த இடத்தில் எதையும் பொருத்தவில்லை. அப்படியே ஸ்விட்சைப் போட்டு அதே காட்சியை ஓட்டினார்.

திரையில் படம் ஓடியது. இருபத்திரண்டு.

மாத்ருபூதம் எண்ணைப் பார்த்தார். கையிலிருந்த கார்டைப் பார்த்தார். மறுபடியும் எண்ணைப் பார்த்தார்.

"ஆனா மேடம், தத்துவப்படி பார்த்தா…"

"தத்துவம் இருக்கட்டும் சார். ஒயரைப் பாருங்க."

அவர் குனிந்து கம்ப்யூட்டரின் முதுகைப் பார்த்தார். ஒயர் சொருகியிருந்தது மேலே, கம்ப்யூட்டரின் சொந்த ஓட்டையில். கார்டின் ஓட்டை அதற்குக் கீழே ஒரு சாண் தள்ளி இருந்தது. நான்கு நாளும் படத்தைக் காட்டியது கம்ப்யூட்டரே. இரண்டு கார்டும் கல்யாணத்துக்கு வந்து கை நனைக்காத சம்பந்தி மாதிரி உள்ளே வெறுமனே உட்கார்ந்திருந்தன.

அவர் நிமிர வெகு நேரமாயிற்று.

"அப்போ ரெண்டும் ஒண்ணுங்கறது தப்பா மேடம்?"

"எனக்கெப்படித் தெரியும்? பார்த்தது நீங்க."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சிஸ்டர் பெர்னதெத் குடையை மடக்கிக்கொண்டு, மூச்சு வாங்க உள்ளே வந்தார்.

"மாத்ருபூதம் சார், தாள் ரெடி போல இருக்கே! எதை வாங்கட்டும்? ஒரே வார்த்தையில சொல்லுங்க. பத்தரைக்கு அசெம்ப்ளி இருக்கு."

பெரியது என்று சொன்னால் தீர்ந்தது. பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். தாளில் ஒரு வரியை அடித்து எழுதினால், கீழே கையெழுத்துக்கு இடம் தயாராக இருந்தது. மாத்ருபூதம் குருவைப் பார்த்தார். ஷமீமா இந்தப் பக்கமே திரும்பவில்லை. ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர்," என்றார் மாத்ருபூதம், "நான் இன்னும் ரெண்டையும் பார்க்கலை."

"பார்க்கலையா? திங்கட்கிழமையிலேர்ந்து என்னதான் செஞ்சீங்க?"

"ஒயரைத் தப்பாச் சொருகிட்டேன். கார்டே வேலை செய்யலை. அது தெரியாம ரெண்டும் ஒண்ணுன்னு ஒரு பக்கத்துக்கு எழுதியும் வச்சுட்டேன்."

தாளை நான்காக மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

சிஸ்டருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன ஷமீமா இது? உன் பேரை நம்பித்தானே வந்தேன்? கிண்டர்கார்டன் பிள்ளையாட்டம் ஒயரைச் சொருகத் தெரியாதவர்கிட்ட குடுத்திருக்கே! நீயே பார்த்து, நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்துடும்மா."

மாத்ருபூதம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கையெழுத்துக்கு இன்னும் இரண்டு வருஷம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஷமீமா எழுந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க சிஸ்டர். சாரே பார்ப்பாரு. கையெழுத்தும் அவரே போடுவாரு."

"மறுபடியும் தப்பாச் சொருகினா?"

"சொருகினா அவரே வந்து சொல்லுவாரு."