பதினெட்டாம் அறை

காலை ஒன்பது மணிக்கு, தொள்ளாயிரம் பிள்ளைகள் நின்ற மைதானத்தில், துகிலனுக்காக ஒரு நிமிடம் மௌனம் காத்தார்கள். பத்தாம் வகுப்புப் பையன். முந்தின வாரம் உயிரை மாய்த்துக்கொண்டான். நிமிடம் முடிந்ததும் முதல் பாடவேளைக்கு மணி அடித்தது.

தலைமையாசிரியர் செங்கோடன் தன் பழைய பேராசிரியை திலகவதியை வரவழைத்திருந்தார். பிள்ளைகளின் மனசு பற்றி அவர் கற்றதெல்லாம் அந்த அம்மாளிடம்தான். மேஜையில் வைத்த டீயை இருவரும் தொடவில்லை.

"கூப்பிட்டுக் கேட்டோம்மா," என்றார் செங்கோடன். "நானே எதிர்ல உட்கார்ந்து கேட்டேன். 'ஒண்ணுமில்ல சார்'னான். அதுக்கு மேல என்னம்மா செய்றது?"

"எப்படிக் கூப்பிட்ட?"

"மைக்லதான். பார்சல் வந்தாலும் மைக், ஃபீஸ் பாக்கின்னாலும் மைக், ஆலோசனை அறைக்குன்னாலும் மைக். எல்லா வகுப்புலயும் ஸ்பீக்கர் போட்டிருக்கோம்." அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

பிறகு குரல் இறங்கியது. "அவன் பக்கத்துல உட்கார்ற பையன் மாறன். அன்னிக்கிலிருந்து சரியா சாப்பிடல. இவனையும் விட்டுடுவோமோன்னு பயமா இருக்கும்மா. பத்தரைக்குக் கூப்பிடச் சொல்லியிருக்கேன். நீங்க பேசணும்."

"அறை எங்க இருக்கு?"

"மாடியில கடைசி. பதினெட்டு."

"நான் முன்னால போறேன். நீ இங்கயே இரு."

அவர் போன சற்று நேரத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது. அலுவலக எழுத்தரின் குரல். தயங்கித் தயங்கி வந்தது.

"தலைமையாசிரியர் செங்கோடன், பதினெட்டாம் அறைக்கு உடனே வரவும்."

செங்கோடன் வராந்தாவில் நடந்தார். ஒவ்வொரு வகுப்பாகப் பாடம் நின்றது. ஜன்னல்களில் முகங்கள் முளைத்தன. ஒன்பதாம் வகுப்புக்குள்ளிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது.

"டேய், சாரும் பதினெட்டுடா! கழண்டுடுச்சு!"

வகுப்பே சிரித்தது. டஸ்டரால் மேஜையைத் தட்டும் சத்தம் கேட்டது. சிரிப்பு அடங்கவில்லை. பதினெட்டு என்பது வெறும் அறை எண் என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

படியேறி வந்தபோது முகம் சிவந்திருந்தது.

"என்னம்மா இது! ஆள் அனுப்பியிருந்தா வந்திருக்க மாட்டேனா? ஊரே கேட்க..."

"கதவைச் சாத்திட்டு உட்காரு."

உட்கார்ந்தார். பிள்ளைகள் உட்காரும் நாற்காலி. அதில் அவர் உட்கார்ந்ததே இல்லை. கீழே மைதானத்தில் விளையாட்டு வகுப்புப் பையன்கள் மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"சொல்லு செங்கோடா. ராத்திரி தூங்குறியா?"

துகிலன் போனதிலிருந்து அவர் தூங்கவில்லை. சொல்ல வாயெடுத்தார். கீழே யாரோ விசிலடித்தார்கள்.

"ஒண்ணுமில்லம்மா," என்றார்.

"அவனும் அதைத்தானப்பா சொன்னான்."

மணி பத்தரை ஆகியிருந்தது. தலைக்கு மேல் ஸ்பீக்கர் மறுபடியும் கரகரத்தது.

"பத்தாம் வகுப்பு பி பிரிவு மாறன், பதினெட்டாம் அறைக்கு வரவும்."

அடித்துப்பிடித்து எழுந்தார். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. கீழ்த்தளத்திலிருந்து சிரிப்புச் சத்தம் ஏறி வந்தது.

"நிறுத்தச் சொல்றேம்மா. இப்பவே ஓடிப்போய் நிறுத்தச் சொல்றேன்."

"எல்லாருக்கும் கேட்டாச்சு," என்றார் திலகவதி.

மாறன் வரவில்லை. மறுவாரம், நவம்பர் ஏழாம் தேதி, அவன் அப்பா வந்து, டி.சி. வாங்கிக்கொண்டு, அவனை ஊருக்கு அழைத்துப் போனார்.