மகாராஜாவின் கல் நகர்ந்த கதை

ஓய், கூட்டத்துக்குள் ஒளிந்துகொண்டு "வில்லில்தான் கோளாறு!" என்று கத்தினீரே, உம்மைத்தான் கேட்கிறேன். ஒரு நல்ல மனிதரின் பிழைப்பில் மண்ணைப் போட உமக்கு எவ்வளவு நேரம் ஆனது? ஒரு தும்மல் போடுகிற நேரம்கூட ஆகவில்லை. நடந்தது முழுவதையும் சொல்கிறேன், ஓடாமல் கேளும்.

மங்கலநாட்டில் விஜயதசமியன்று மகர்நோன்புத் திருவிழா. அரசர் வில்லெடுத்து வாழைமரத்தில் அம்பு போட வேண்டும். அவர் நிற்பதற்கென்று முப்பாட்டனார் ஒரு கல்லை நட்டு வைத்திருந்தார். பயிற்சிக்குக்கூட அந்தக் கல்லில் நின்றுதான் வில்லைத் தொடலாம். முப்பாட்டனார் பலசாலி. அங்கிருந்து பார்த்தால் வாழைமரம் வெண்டைக்காய் மாதிரிதான் தெரியும்.

அந்த வருடம் அரசர் சமரகேசரி எய்த அம்பு வாழைமரத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகப் பிரசாதப் பந்தலுக்குள் போய்ச் சர்க்கரைப் பொங்கல் அண்டாவில் குத்தி நின்றது. அப்போதுதான் உம் குரல் கேட்டது.

அரசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "ஆமாம், வில்லில்தான் கோளாறு! செய்தவன் எங்கே?"

வில் செய்யும் செங்கோடனை இழுத்து வந்தார்கள்.

"அடுத்த மகர்நோன்புக்குள் குறி தப்பாத வில் ஒன்று செய். இல்லையென்றால் பெண்டாட்டி பிள்ளைகளோடு நாட்டை விட்டுப் போ!"

"குறி தப்பாத வில்லா? மகாராஜா, அப்படி ஒன்று..." என்று இழுத்தார் செங்கோடன்.

"செய்து தருகிறோம்!" என்றது ஒரு குரல். வயிரவநாதன். சந்தையில் மிளகு விற்றவர். பேரம் பேசியே அரண்மனைச் சமையற்கட்டைக் கதறவைத்து, கடைசியில் அரசவையிலேயே ஓர் ஆசனம் பிடித்தவர். "ஆனால் அந்த மாதிரி வில்லுக்கு விரதம் உண்டு மகாராஜா. அது கேட்பதையெல்லாம் தாங்கள் செய்ய வேண்டும்."

"செய்கிறேன்."

"பிறகு வார்த்தை மாறக் கூடாது."

"அரசன் வார்த்தை ஓய்!"

சில நாளில் சிவப்புப் பட்டு சுற்றிய வில் வந்து சேர்ந்தது.

அதுவரை நடந்த பயிற்சியின் லட்சணத்தையும் கேளும். அம்பு நாணை விட்டதுதான் தாமதம், தளவாய் பராக்கிரமர் "தைத்தது!" என்று முழங்குவார். முரசு அதிரும். பணியாட்கள் ஓடிப்போய்ப் புதரில் கிடக்கும் அம்பைப் பொறுக்கி மரத்தில் செருகுவார்கள். அரசர் பன்னீர் தெளித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கத்தரிக்காய் வாங்குகிறவள்கூடப் புரட்டிப் பார்த்துத்தான் கூடையில் போடுகிறாள். இவர் ஒரு நாளும் மரத்துப் பக்கம் போனதில்லை.

"முதல் விரதம், மகாராஜா. மரத்துக்குப் பக்கத்தில் நின்று தொடங்க வேண்டும்," என்றார் வயிரவநாதன்.

"கல்லை விட்டு நான் நகரமாட்டேன். முப்பாட்டனார் கட்டளை!"

"தாங்கள் ஏன் நகர வேண்டும்? கல் நகரட்டும்."

தளவாய் துள்ளினார். "முப்பாட்டனார் கல்லையா? என்ன திமிர் உமக்கு!"

"கல்லில் நிற்கச் சொன்னார், சரி. கல் எங்கே நிற்க வேண்டும் என்று சொன்னாரா, தளவாய்?"

அரசர் மீசையைத் தடவினார். "சொல்லவில்லையே!"

கல்லைப் பெயர்த்து, மரத்தில் மூக்கு முட்டுகிற தூரத்தில் வைத்தார்கள். எய்ததெல்லாம் தைத்தால் கல் ஒரு தப்படி பின்னால் போகும். ஒன்று தப்பினாலும் முன்னால் வரும். அம்பு தைப்பதற்கு முன் வாய் திறக்கிறவர்தான் கல்லைச் சுமக்க வேண்டும்.

முதல் நாள் தளவாய் சுமந்தார். மறுநாளும் அவரே. அதற்கடுத்த நாள் மைதானத்தில் காக்கை கத்துவது தெளிவாகக் கேட்டது. அந்த அமைதியில் எதுவோ மதிலில் மோதி விழுந்தது.

"அது என்ன சத்தம்?" என்றார் அரசர்.

"தங்கள் அம்புதான். தாங்களே போய் எடுத்து வர வேண்டும். அதுவும் விரதம்."

முணுமுணுத்துக்கொண்டே போனார். போய்ப் போய்த்தான் கண் திறந்தது. "வயிரவா, எல்லா அம்பும் இடப்பக்கமே போகிறதே, ஏன்?"

"விட்ட உடனே யார் பார்க்கிறார்கள் என்று திரும்புகிறீர்கள். கையும் கூடவே திரும்புகிறது. அம்பு தைக்கும்வரை கை அசைந்தால் இந்த வில்லுக்குப் பிடிக்காது. அப்புறம், நாணை ஒரு நாள் காதுவரை இழுக்கிறீர்கள், மறுநாள் மீசையோடு நிறுத்திவிடுகிறீர்கள். இதற்குத் தினமும் ஒரே இடம் வேண்டும்."

"கோபக்கார வில்லாக இருக்கிறதே!"

"செய்தவர் பட்ட பாடு அப்படி."

கல் பின்னால் போனது, முன்னால் வந்தது, மறுபடியும் போனது. மகர்நோன்பு நெருங்கும்போது பழைய குழியிலேயே போய் உட்கார்ந்துவிட்டது.

திருவிழா வந்தது. செங்கோடன் மூட்டைமுடிச்சோடும் குடும்பத்தோடும் கோட்டை வாசலில் நின்றார். அரசர் நாணைக் காதோரம் இழுத்தார். விட்டார். கை அசையவில்லை. சதக்! வாழைத்தண்டின் நட்டநடுவில்.

"செங்கோடரே, வாரும்! இது வில்லா, வரமா?"

"படைக்கும் இதே மாதிரி செய்யச் சொல்லலாம், மகாராஜா!" என்றார் தளவாய்.

செங்கோடன் வில்லில் சுற்றியிருந்த பட்டைப் பிரித்தார். உள்ளே போன வருடத்து வில். அதே மூங்கில், பிடியில் அரசரின் மோதிரம் உரசிய அதே தழும்பு.

அரசரின் முகம் சிவந்தது. "குறி தப்பாத வில் கேட்டால், பழையதையே தந்து ஏமாற்றினீரா?"

வயிரவநாதன் குறுக்கே வந்தார். "இது போன வருடமும் தப்பவில்லை மகாராஜா. காட்டிய பக்கம்தான் அனுப்பியது."

"அப்படியானால் கோளாறு எதில் இருந்தது?"

"அதைத்தான் ஒரு வருடமாகப் பழுது பார்த்தோம். இப்போது கிரீடம் வைத்துக்கொண்டு ஜோராக நிற்கிறது!"

தளவாய் பயத்தில் கண்ணை மூடிக்கொண்டார். அரசரோ அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தார். செங்கோடன் கழுத்தில் தம் முத்துமாலையைப் போட்டார். வயிரவநாதனுக்கு ஒரு குதிரை. பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். "போன வருடம் முதலில் கத்தியது யார்?"

அத்தனை பேரும் தங்கள் கால் விரலைப் பார்த்தார்கள்.

அரசர் விட்டுவிட்டார். நான் விடமாட்டேன். முத்துமாலை போட்டும் ஊர் வாய் அடங்கவில்லை. இன்றும் அந்த மனிதரைக் "கோணல்வில் செங்கோடன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீர் வாங்கித் தந்த பட்டம் அது. எழுந்திரும். இப்போதே அவர் பட்டறை வாசலுக்குப் போம். தெருவே திரும்பிப் பார்க்கும்படி, அன்று கத்திய அதே தொண்டையில் கத்தும்: "வில்லில் கோளாறு இல்லை! பொய் சொன்னது நான்தான்!"