மல்லரங்குக்குப் பிடியரிசி

மல்லரங்கின் கடைசிப் படியைக் கொத்தர்கள் வைத்து முடித்த மறுநாள் காலை, சங்கிலிமுத்து தன் குரு வீரபத்திர வஸ்தாதைப் பார்க்கப் போனான். குருவைவிடச் சீடனுக்கு நரை அதிகம். இப்போது அவன் அரண்மனை மல்லன். தோளில் பட்டுச் சால்வை, கையில் தங்கக் காப்பு.

வஸ்தாது கோதாவில் இறங்கி மண்ணைக் கொத்திக்கொண்டிருந்தார். ஓலைக் கொட்டகைக்குக் கீழே ஒரு குழி. அதில் மோரும் மஞ்சளும் எண்ணெயும் விட்டுப் பதப்படுத்திய செம்மண். அவருடைய கோதா அவ்வளவுதான்.

"வா சங்கிலி. சால்வையிலே மண் படும், தள்ளியே நில்லு."

குத்தல்தான். சங்கிலிமுத்து சிரித்துச் சமாளித்தான்.

"ஐயா, நாளைக்கு அரங்கு திறக்கிறாங்க. நீங்கதான் முதல்லே மண்ணிலே கால் வைக்கணும். ராஜாகிட்டே வாக்குக் கொடுத்துட்டேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்தே?"

"நீங்க இல்லேன்னா எனக்கு அது அரங்கே இல்லைய்யா. வந்து பாருங்க. சுத்திலும் கல் படி. அக்கம்பக்கத்து ஊர் சனமெல்லாம் உட்காரலாம்."

"சாயங்கால நிழல் எந்தப் பக்கம் விழும்?"

சங்கிலிமுத்து தயங்கினான். "மேற்கே. அங்கே அரண்மனைக்காரங்க உட்காருவாங்க."

"கல்லுச் சுமந்தவங்க?"

"கிழக்கே இடம் இருக்குய்யா."

"வெயில்லே" என்றார் வஸ்தாது. கொத்துவதை நிறுத்தவில்லை.

"நல்ல மல்லனுங்க வருவாங்கய்யா. ஊருக்குப் பெருமை. இதிலே என்ன தப்பு?"

"மல்லுக்கட்டுறது தப்புன்னு நானா சொல்லுவேன்? அந்தக் கல்லெல்லாம் யார் வீட்டுச் சோறு?"

சங்கிலிமுத்து பயந்தது இந்தக் கேள்விக்குத்தான்.

வஸ்தாதின் கோதா பிடியரிசியில் நடப்பது. மனசுள்ள வீட்டுப் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைப்பார்கள். கோதாவிலிருந்து ஒருவர் பானையோடு போய் வாங்கி வருவார். சங்கிலிமுத்துவின் உடம்பு தேறியதே அந்தச் சோற்றில்தான். அரங்கு கட்டப் பொக்கிஷத்தில் பணமில்லை என்று ராஜா கவலைப்பட்டபோது, அவன்தான் யோசனை சொன்னான்: "பிடியரிசி கொடுத்துப் பழகின ஊர், மகாராஜா. அதையே உத்தரவாப் போட்டுட்டாப் போதும்."

அதற்குக் கிடைத்ததுதான் காப்பு. இப்படி யோசனை சொல்கிறவர்களுக்கு எந்த ராஜ்யத்திலும் காப்பு கிடைக்கும். அரிசி கொடுத்த வீட்டு வாசல்நிலையில் சுண்ணாம்புக் குறி போட்டார்கள். கொடுக்காத வீட்டில் பித்தளைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"ஊருதானேய்யா கொடுத்துச்சு" என்றான் சங்கிலிமுத்து. "நம்ம கோதாவுக்குக் கொடுக்கிற மாதிரிதான்."

வஸ்தாது மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார். மூலையிலிருந்த பானையை எடுத்து நீட்டினார்.

"அப்போ இன்னிக்கு நீயே போயிட்டு வா. நம்ம கோதாவுக்கு. வந்ததும் சொல்றேன், வர்றேனா இல்லையான்னு."

சங்கிலிமுத்து சால்வையையும் காப்பையும் கழற்றி வைத்துவிட்டு, வெறும் வேட்டி துண்டோடு கிளம்பினான்.

முதல் வீடு அன்னத்தாயுடையது. அவன் குரல் கொடுக்கும் முன்பே கதவு திறந்தது.

"குறி போட்டாச்சே சாமி" என்று நிலையைக் காட்டினாள்.

போன வருஷம் வரை 'டேய் சங்கிலி' என்றுதான் அவனைக் கூப்பிடுவாள்.

"இது அரண்மனைக்கு இல்லக்கா. நம்ம வஸ்தாது கோதாவுக்கு. இஷ்டமிருந்தாப் போடு."

"இஷ்டமா?"

அவன் முகத்தையே பார்த்தாள். இதில் என்ன பொறி இருக்கிறது என்று தேடுகிற பார்வை. பிறகு உள்ளே போய் ஒரு முறம் அரிசி கொண்டுவந்து கொட்டினாள்.

"ஒரு பிடி போதும்க்கா."

"இருக்கட்டும் சாமி. நான் குறைச்சுப் போட்டேன்னு மட்டும் எங்கேயும் சொல்லிடாதீங்க."

அடுத்த வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும் யாரும் பேசவில்லை, போட்டார்கள். தெருக்கோடியில் செக்கு ஆவுடையப்பன் வீடு. அவர் ஒருநாளும் கோதாவுக்கு ஒரு மணி அரிசி போட்டவரில்லை. பானையைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவார். "ரெண்டு தடியனுங்க கட்டிப் புரளுறதுக்கு என் அரிசியாடா? வந்து செக்கு இழு, வயிறு நிறையப் போடுறேன்!" தெருவே சிரிக்கும். பானை தூக்கி வந்தவனும் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான்.

இன்று அந்த வசவைக் கேட்டால் நன்றாயிருக்கும் என்று சங்கிலிமுத்துவுக்குத் தோன்றியது. வேகமாக நடந்தான்.

ஆவுடையப்பன் எழுந்து நின்றார். தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். உள்ளே போய் இரண்டு படி அரிசி கொண்டுவந்து போட்டார். வாசலில் பித்தளைக் குடம் இருந்த இடத்தில் மண்குடம் இருந்தது.

"என்ன மாமா, இன்னிக்கு வையலையா?"

"நான் எப்போ சாமி வைதேன்?" நிமிர்ந்து பார்க்காமலே சொன்னார்.

அதற்குப் பிறகு சங்கிலிமுத்து எல்லாத் தெருவுக்கும் போனான். அரிசிக்காகப் போகவில்லை. ஒரு கதவாவது அவன் முகத்துக்கு நேரே சாத்தப்படாதா என்று போனான்.

கோதாவுக்குத் திரும்பியபோது பானை நிறைந்து, மேல்துண்டிலும் ஒரு மூட்டை இருந்தது. வஸ்தாது பார்த்தார்.

"இவ்வளவு என்னிக்கும் வந்ததில்லையே."

"இல்லைய்யா."

"ஆவுடையப்பன்?"

"அவரும் போட்டார்."

வஸ்தாது கோதா வரப்பில் மெல்ல உட்கார்ந்தார்.

"நல்லா வைவான்" என்றார் பிறகு.

சால்வை கிடந்த பக்கம் சங்கிலிமுத்து திரும்பவில்லை. இருந்தாலும் கேட்டான்.

"நாளைக்கு வருவீங்களாய்யா?"

"ஒரே ஒரு வீட்டிலே 'இல்லை, போடா'ன்னு சொல்லியிருந்தாக்கூட வந்திருப்பேன், சங்கிலி."