கல்லில் கூடிப்போன எழுத்து

"டீச்சர், கல்லுல கூடிப்போன எழுத்தை எப்படி எடுக்கிறது?"

வியாகப்பன் இதைக் கேட்டபோது பிளாரன்ஸ் டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவருடைய வயதில் பாதிதான் இருக்கும் அவளுக்கு. சாயங்காலம் பங்குக் கோயில் கூடத்தில் பெரியவர்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறாள்.

வியாகப்பன் கல்லறைகளுக்குக் கல்வெட்டு வெட்டுகிறவர். இங்கிலீஷில் வெட்டித் தரும்படி ஊரார் கேட்க ஆரம்பித்ததும் அவரும் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

வந்த புதிதில் டீச்சர் ஒரு விதி சொன்னாள். 'ரன்' என்ற சொல்லோடு 'இங்' சேரும்போது கடைசி எழுத்து இரட்டிக்கும்.

வியாகப்பனுக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே சவரியம்மாளின் மகளுக்குக் கல் வெட்டும் வேலை வந்தது. காய்ச்சலில் போன பிள்ளை. 'ஆண்டவருக்குள் தூங்குகிறாள்' என்பதைப் பங்குச் சாமியார் இங்கிலீஷில் எழுதிக் கொடுத்திருந்தார். சரியாகத்தான் எழுதியிருந்தார்.

மனுசன் பார்த்ததை அப்படியே வெட்டிவிட்டுப் போயிருக்கலாம். கேட்டாரா? 'ஸ்லீப்பிங்' என்ற சொல்லில் ஒரு 'பி' குறைகிறதே, சாமியார் அவசரத்தில் விட்டுவிட்டார் போலிருக்கிறது என்று தாமாகவே இன்னொன்றைச் சேர்த்து வெட்டிவிட்டார்.

மீதி விதியை டீச்சர் அடுத்த வாரம் சொன்னாள். கடைசி எழுத்துக்கு முன்னால் உயிரெழுத்து ரெண்டு சேர்ந்து நின்றால் இரட்டிக்காது.

அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

நாளைக்குக் கல்லறைத் திருநாள். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளெல்லாம் மெழுகுவர்த்தியும் பூவுமாக வந்து நிற்கும். இங்கிலீஷ் படித்த பிள்ளைகள். வாசித்துப் பார்க்காமலா போகும்?

"என் பேரு கெட்டா கெட்டுட்டுப் போகுது டீச்சர். அந்தப் பிள்ளை தலைமாட்டுல நின்னுல்லா சிரிப்பாங்க. வரியையே தேய்ச்சு எடுத்துட்டு மறுபடியும் வெட்டிரட்டுமா?"

டீச்சர் கையில் இருந்த சாக்பீஸ் தூசியைத் தட்டிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

"உளியை எடுத்துக்கிட்டு வாங்க அண்ணாச்சி."

கோயிலுக்குப் பின்னால்தான் கல்லறைத் தோட்டம். கடல் காற்று மணலை வாரி அடித்தது. அங்கங்கே ஆட்கள் கல்லறைகளைக் கழுவி வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள்.

சவரியம்மாள் தன் மகளின் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தினமும் வருகிறவள் என்பது ஊருக்கே தெரியும். ஈரத்துணியால் கல்லைத் துடைத்து முடித்திருந்தாள்.

வியாகப்பன் சற்றுத் தள்ளியே நின்றுவிட்டார். தப்பை ஒப்புக்கொள்ள வாய் வரவில்லை. பாவம், அவள் முகத்தைப் பார்க்கவே அவருக்குத் தெம்பில்லை.

அவள் ஆள்காட்டி விரலை முதல் எழுத்தின் பள்ளத்தில் வைத்தாள். உதடு அசைந்தது. கொஞ்சம் பொறுத்து விரல் அடுத்த எழுத்துக்குப் போனது. மறுபடியும் உதடு அசைந்தது.

டீச்சர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, என்ன வாசிக்கிறீர்கள் அக்கா என்று கேட்டாள்.

"எனக்கு எங்க வாசிக்கத் தெரியும் டீச்சர்? எழுத்துக்கு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவேன். கையில ஜெபமாலை இருந்தாலும் எனக்கு இதுதான் மனசுக்கு ஒத்து வருது. கடைசி எழுத்துக்கு வரும்போது பிள்ளை தூங்கிருவா. பிறகு வீட்டுக்குப் போவேன்."

சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். விரல் ஒரு 'பி'யில் நின்றது. ஒரு ஜெபம். அடுத்த 'பி'க்கு நகர்ந்தது.

அங்கேயும் ஒரு ஜெபம். அவசரமே இல்லாமல் சொன்னாள்.

வியாகப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

கடைசி எழுத்து முடிந்ததும் சவரியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தாள். அப்போதுதான் அவரைப் பார்த்தாள். நல்லா ஆழமா வெட்டியிருக்கீங்க அண்ணாச்சி, இருட்டினாலும் விரலுக்குத் தெரியுது என்றாள்.

டீச்சர் அவர் பையிலிருந்து உளியை எடுத்து, இனி உங்கள் இஷ்டம் என்பதுபோல அவரிடம் நீட்டினாள்.

சவரியம்மாள் உளியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். கல்லை மறைத்துக்கொண்டு நின்றாள்.

"உளி எதுக்கு அண்ணாச்சி?"

வியாகப்பன் அவளைச் சுற்றிப் போய் மணலில் முழங்கால் போட்டார். உளி முனையை இரண்டாவது 'பி'யின் பள்ளத்தில் மெதுவாக வைத்தார்.

"இதுல பழைய மெழுகு அடைச்சிருக்கு தாயி. அதை மட்டும் எடுத்துட்டுப் போறேன்."