சவரிமுத்து வண்டியின் ஸ்டியரிங்

“முழுசாச் சரி பண்ணிறாத தாயி. கொஞ்சம் விட்டு வை” என்றார் சவரிமுத்து.

வண்டிக்கு அடியில் படுத்திருந்த நாகஜோதி தலையை வெளியே நீட்டினாள்.

“எதண்ணே விட்டு வைக்கணும்?”

“ஸ்டியரிங் ஆட்டத்த.”

அவள் எழுந்து உட்கார்ந்தாள். சீக்கிரம் முடித்துக் கொடு என்று கேட்டவர்கள் உண்டு. சல்லிசாக முடித்துக் கொடு என்று கேட்டவர்கள் உண்டு. கோளாறில் கொஞ்சம் மிச்சம் வை என்று கேட்டவரை அவள் இப்போதுதான் பார்க்கிறாள்.

நத்தம் சாலையில், சிறுமலைக்குப் பிரிகிற இடத்துக்குச் சற்று முன்னால் இருக்கிறது அவள் பட்டறை. முன்சக்கரம், ஸ்டியரிங், இந்த இரண்டைத் தவிர வேறு வேலை எடுக்கமாட்டாள். இன்ஜின் கோளாறு என்று வந்தால் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் பக்கத்துப் பட்டறைக்குக் கைகாட்டிவிடுவாள். அந்தக் கர்வம் அவளுக்கு உண்டு. தொழில் தெரிந்தவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது.

சவரிமுத்துவின் கர்வம் அதைவிட ஒரு சுற்று பெரியது.

சிறுமலையிலிருந்து வாழையும் பலாவும் ஏற்றிக்கொண்டு இறங்குகிற அந்தப் பழைய பிக்கப்பை அவரைத் தவிர யாராலும் ஓட்ட முடியாது. மலையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். யாரும் சொல்லாத நாளில் அவரே சொல்லிக்கொள்வார்.

பொய்யில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பினால் அந்தச் சேதி முன்சக்கரத்துக்குப் போய்ச் சேரச் சற்று நேரம் பிடிக்கும். அதனால் வளைவு வருவதற்கு முன்பே அவர் கை வளையத் தொடங்கிவிடும். நேர்ச் சாலையில் வண்டி இடப்பக்கம் சாயும். அவர் வலப்பக்கம் இழுத்துப் பிடித்தபடியே போவார். வண்டியின் நெற்றியில் ‘சவேரியார் துணை’ என்று எழுதியிருந்தது. அந்தத் துணை நிஜமாகவே தேவைப்பட்ட வண்டி அது.

ஒருமுறை அவர் மகள் பெர்னத் அதை ஓட்டிப் பார்த்தாள். மில்லுக்குப் போகும் பெண்களை ஏற்றி இறக்குகிற வேனை ஓட்டுகிறவள். ஒரு கீறல் இல்லாமல் ஓட்டுகிறவள். இரண்டாவது வளைவிலேயே பிக்கப்பைக் கைப்பிடிச் சுவரில் இடித்துவிட்டாள்.

“வண்டி சரியில்லப்பா” என்றாள்.

அடிவாரத்தில் பிச்சைமணி டீக்கடையில் அத்தனை பேர் முன்னாலும் சவரிமுத்து சிரித்தார். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்!”

கடையே சிரித்தது. பெர்னத் டீயைக் குடிக்காமல் கீழே வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் அந்த வண்டியில் ஏறவே இல்லை.

இப்போது அவருக்குக் கண்ணில் புரை. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. அதற்குப் பிறகு டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது. மலையில் பலா பழுக்கிற நேரம் பார்த்தா இது வரவேண்டும்? வண்டி நின்றால் தோட்டக்காரர்கள் வேறு வண்டியைப் பார்த்துக்கொள்வார்கள். ஒருமுறை கைமாறிய சரக்கு திரும்பி வராது. ஓட்டுவதற்குச் சவரிமுத்து வீட்டில் இருந்தது ஒரே ஆள்.

பெர்னத் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். “முன்பக்கத்த முழுசாச் சரி பண்ணுங்க. அப்புறம் ஏறுறேன்.”

அதனால்தான் வந்திருக்கிறார். வந்த இடத்தில்தான் இப்படிக் கேட்கிறார்.

“விட்டு வச்சா ஒங்க மக எப்பிடிண்ணே ஓட்டும்?” என்றாள் நாகஜோதி.

“பழகிக்கிரும்.”

“அப்பறம் எதுக்கு எங்கிட்ட வந்தீங்க?”

சவரிமுத்து மீசையைத் தடவினார்.

அவள் ஜாக்கி வைத்து முன்சக்கரத்தைத் தூக்கினாள்.

“ரெண்டு பக்கமும் பிடிச்சு ஆட்டுங்க.”

ஆட்டினார். கடகடவென்றது.

“மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுங்க.”

அதுவும் கடகடவென்றது.

“என்ன சொல்லுது?”

“தேஞ்சிருக்கு.”

“ரொம்ப நாளாவா?”

“அது கெடக்கு. பழகிருச்சு.”

“யாருக்கு?”

சவரிமுத்து அதைக் கேட்காதவர்போல வேறு பக்கம் பார்த்தார். பிறகு குரலைத் தழைத்துக்கொண்டு சொன்னார். “முன்ன ஒருத்தர்ட்ட விடுவேன். ஜாயிண்டு மூடிய ரெண்டு தட்டுத் தட்டி இறுக்கிக் குடுத்துருவாரு. சத்தம் நின்னுரும்.”

“சத்தம்தான நின்னுச்சு?”

அவள் வண்டியை இறக்கினாள். இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தாள்.

“ஓட்டுங்க. நேரா.”

ஓட்டினார். வண்டி இடப்பக்கம் சாய, அவர் வலப்பக்கம் பிடிக்க, நூல் பிடித்ததுபோல் நேராகப் போனது. பாதிப் பார்வையிலேயே அப்படி ஓட்டினார். நாகஜோதி கதவுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைக் கவனித்ததும் அவருக்கு மனசு குளிர்ந்துவிட்டது.

“எப்பிடி?” என்றார்.

அவள் பையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில், அவர் இரண்டு கைக்கும் நடுவில் ஒட்டினாள்.

“என்னது இது?”

“நீங்க நேரா ஓட்டுற எடம்.”

பட்டறைக்குத் திரும்பியதும் வேலையைத் தொடங்கினாள்.

நட்டுகளைப் பூட்டியிருந்த ஊசிகளைப் பிடுங்கினாள். நட்டுகளைக் கழற்றினாள். துருப்பிடித்த இடத்தில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். சக்கரங்களைத் திருப்புகிற டைராடு கழன்று தொங்கியது. பால் ஜாயிண்டுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அவற்றில் ஒன்றைத் துடைத்து சவரிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தாள்.

புதிதென்றால் விறைப்பாக நின்றிருக்க வேண்டிய தண்டு அது. இது, மாமனார் எது சொன்னாலும் தலையாட்டுகிற மருமகனைப் போல எல்லாப் பக்கமும் ஆடியது. சவரிமுத்து அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். இதை நம்பியா மலை இறங்கினோம் என்று தோன்றியது. மறுகணமே, இதை வைத்துக்கொண்டும் இறங்கினோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

“கொஞ்சம் விட்டு வைக்கச் சொன்னேனே” என்றார், அப்போதும்.

“எந்தப் பக்கத்துல விட்டு வைக்க? மலைச்சுவர் பக்கமா, பள்ளத்துப் பக்கமா?”

சவரிமுத்து கையிலிருந்த ஜாயிண்டைக் கீழே வைத்தார்.

புது உருப்படிகளை மாட்டி, கிரீஸ் ஏற்றி, பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். திருகினாள். மறுபடி நூல் பிடித்தாள். அவளுக்குத் திருப்தியாவதற்குள் வெயில் பட்டறைக்குள் ஏறிவிட்டது. கடைசியில் ஸ்டியரிங்கைக் கழற்றி நடுவாக்கி மாட்டினாள். சிவப்பு டேப் உச்சியில் இல்லை. இடப்பக்கம் சரிந்து நின்றது.

“கொண்டு போங்கண்ணே.”

போனவர் சிறுமலைப் பிரிவைக்கூடத் தாண்டவில்லை. திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“என்னத்த மாட்டுன? வண்டி வலப்பக்கம் ஏறுது! எதுத்தாப்புல வந்த பஸ்ஸுக்காரன் என் பரம்பரையையே இழுத்துத் திட்டிட்டுப் போறான். தொட்டா திரும்புது, நெனச்சா திரும்புது. கோணவண்டியாக்கி வச்சிருக்க!”

“வலப்பக்கம் இழுக்குதா?”

“இழுக்குது. இம்புட்டு வருசம் வண்டி ஓட்டுனவன் சொல்றேன், கோணல்!”

நாகஜோதி கையைத் துடைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். “கொளத்துக்கரைக்கு விடுங்க.”

குளத்துக்கரைச் சாலை நேரானது. ஆள் நடமாட்டம் கிடையாது. வண்டி மெதுவாக ஊர்ந்தது. மெள்ள மெள்ள வலப்பக்கம் ஏறியது.

“பாத்தியா?” என்றார்.

“பாத்தேன். கைய எடுங்க.”

“எதுக்கு?”

“ஸ்டியரிங்ல இருந்து கைய எடுங்கண்ணே.”

“நான் கைய எடுத்தா கொளத்துக்குள்ள போயிரும்.”

“எனக்கும் நீச்சல் தெரியாது. எடுங்க.”

மலைப்பாதையில் மழை, பனி, காட்டெருமை எல்லாம் பார்த்தவர். ஓடுகிற வண்டியில் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுத்ததில்லை. மனசுக்குள் சவேரியாரைக் கூப்பிட்டுக்கொண்டு, விரல்களைப் பிரித்து, கையை ஒரு சாண் உயர்த்தினார்.

அவர் பிடியில் உச்சிக்கு வந்திருந்த சிவப்பு டேப், வளையத்தோடு தானாகச் சுழன்று இடப்பக்கம் போய் நின்றது.

வண்டி நிமிர்ந்தது. நேராகப் போனது. குளம் அதன் இடத்தில் இருந்தது. பனைமரங்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. வண்டி நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

சவரிமுத்துவின் கைகள் அந்தரத்தில் நின்றன. கட்டிய பெண்டாட்டி சோறு போட்டுவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டதுபோல் இருந்தது அவருக்கு. அவமானமாக இருந்தது.

வண்டியை நிறுத்தினார். டீக்கடையில் மகளைப் பார்த்துச் சொன்ன பழமொழி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதை அப்படியே விழுங்கினார்.

டேப்பைப் பார்த்தபடி கேட்டார். “அப்ப இம்புட்டு நாளா நான் ஓட்டுனது?”

“அந்த வண்டிய ஒங்களாலதாண்ணே ஓட்ட முடியும். நானே பயந்துபோயிதான் உக்காந்திருந்தேன்.”

“இந்த வண்டிய?”

நாகஜோதி கதவைத் திறந்து இறங்கினாள். பட்டறையை நோக்கி நடந்தாள். இரண்டடி போனதும் திரும்பிச் சொன்னாள்.

“சாவி ஒங்ககிட்டதான இருக்கு.”

அவர் வீட்டுக்குப் போனபோது பெர்னத் வேன் டூட்டி முடிந்து வந்திருந்தாள். அவள் முன்னால் சாவியை வைத்தார்.

“முழுசாச் சரி பண்ணியாச்சா?”

“முழுசா.”

“ஒண்ணும் விட்டு வைக்கலயே?”

பெற்ற மகளல்லவா, தகப்பனின் நாடி தெரியும்.

“விட்டு வைக்கச் சொன்னேன். அந்தப் பிள்ள கேக்கல” என்றார் சவரிமுத்து.

ஆபரேஷன் முடிந்து, இனி வண்டியில் உட்கார்ந்து போகலாம், ஓட்டத்தான் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்று அவரும் மகளோடு மலைக்குப் போனார். கறுப்புக் கண்ணாடி போட்டு இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தார். அந்த சீட்டிலிருந்து மலை வேறு மாதிரி இருந்தது.

சரக்கு ஏற்றி இறங்கும்போது பெர்னத் கேட்டாள். “இந்தச் செவப்பு டேப்பு எதுக்குப்பா? எடுத்துரட்டா?”

“அது எனக்கு. கெடக்கட்டும். நீ ரோட்டப் பாரு.”

அந்த இரண்டாவது வளைவு வந்தது. சுவரில் பழைய இடியின் தடம் இன்னும் இருந்தது. வளைவுக்கு முன்பே சவரிமுத்துவின் கைகள் மடியில் தாமாகத் திரும்பின. பெர்னத் அவசரப்படவில்லை. வளைவு வந்தபோது திருப்பினாள், வண்டி திரும்பியது. மேலே அடுக்கிய பலாவில் ஒன்றுகூட உருளவில்லை. சுவரைத் தாண்டியபின் அவள் மூச்சு விட்டது அவருக்குக் கேட்டது.

அவரும் அப்போதுதான் விட்டார்.

அடிவாரத்தில் டீக்கடை முன்னால் வண்டியை ஓரங்கட்டினாள். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்து இறங்கியது சவரிமுத்து இல்லை.

“என்னண்ணே இது?” என்றார் பிச்சைமணி. “ஒங்களத் தவிர யாரும் ஓட்ட முடியாத வண்டின்னு சொன்னீங்க?”

“இப்ப யாரு வேணா ஓட்டலாம்” என்றார் சவரிமுத்து. அதைச் சொல்லும்போதும் நெஞ்சு நிமிர்ந்துதான் இருந்தது. “நீகூட ஓட்டலாம்.”

“எனக்கு சைக்கிளே தகராறு.” பிச்சைமணி டீயை ஆற்றியபடி பெர்னத்தைப் பார்த்துச் சிரித்தார். “ஏம்மா, நீதான அன்னைக்குச் சொவத்துல இடிச்ச? ஒங்கப்பா சொன்னாருல்ல, ஆடத் தெரியாதவ...”

பெர்னத் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சவரிமுத்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். கடை முழுவதும் கேட்கிற குரலில் சொன்னார்.

“கூடம்தான்யா கோணலா இருந்துச்சு.”